சாவிக்கடை அண்ணாச்சியிடம் நாம் பேசுகிற பேரம்

சென்ற வாரம் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு சாவிக்கடையில் நின்றிருந்தேன். ஒரு குடை, ஒரு மரப்பெட்டி, அதன் மேல் முடுக்கிய சிறிய வெட்டு இயந்திரம், பின்னால் கம்பியில் கோத்துத் தொங்கும் வெட்டாத சாவிகள், இவ்வளவுதான் அந்தக் கடை. எனக்கு முன்னால் நின்றவர் வீட்டு வாசல் கதவுக்கு ஒரு டூப்ளிகேட் சாவி கேட்டார். 80 ரூபாய் என்று அண்ணாச்சி சொன்னதும், "ஒரு துண்டு பித்தளைக்கு 80 ரூவாயா? அஞ்சு நிமிஷ வேலதான அண்ணாச்சி, 40 வாங்கிக்கிடுங்க" என்று தொடங்கி, கடைசியில் 60 ரூபாயில் முடித்துக்கொண்டு போனார். சுற்றி நின்ற நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த 20 ரூபாய் இன்னும் என் மனத்தை உறுத்துகிறது.

அந்த ஐந்து நிமிடத்தில் நடப்பது என்ன என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் கூலி கூடுதல் என்று சொல்ல மனம் வராது. இயந்திரத்தில் இரண்டு பிடிகள் அருகருகே இருக்கின்றன. ஒன்றில் நம் சாவியும் மற்றொன்றில் வெட்டாத சாவியும் ஏறுகின்றன. நம் சாவியின் பல் மேடுபள்ளங்களை ஒரு முனை தடவிச் செல்ல, அதே ஏற்ற இறக்கத்தில் வெட்டுச் சக்கரம் புதிய சாவியைச் சீவிச் செல்கிறது. இன்று பெரும்பாலான வீட்டுக் கதவுகளில் இருப்பது, லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1861-இலும் 1865-இலும் காப்புரிமை பெற்ற உருளைப் பூட்டின் வழிவந்ததுதான். உள்ளே வரிசையாக நிற்கும் சிறு ஊசிகள் ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்துக்குத் துல்லியமாக எழும்பினால்தான் உருளை திரும்பும். அரை மில்லிமீட்டர் பிசகினால் சாவி உள்ளே போகும், ஆனால் திரும்பாது. பிசகிய சாவி குப்பைக்குப் போகும், அந்த நஷ்டம் அண்ணாச்சியுடையது. நாம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறுக்கமாக இருக்கிறது என்று திரும்பி வந்தால், அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துக் கொடுப்பதற்கும் அவர் தனிக்காசு கேட்பதில்லை.

கம்பியில் தொங்கும் வெட்டாத சாவிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனப் பூட்டுக்கும் சாவியின் பள்ளக்கோடு வேறு, நீளம் வேறு. யார் எந்தப் பூட்டோடு வருவார் என்று தெரியாததால் எல்லா வகையும் வாங்கி வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் விலை போகாமல் தொங்கும் சாவிகளும் அவற்றில் உண்டு. அந்த முடங்கிய முதலின் ஒரு சிறு பங்கும் நம் 80 ரூபாய்க்குள் இருக்கிறது.

டவுனில் எங்கள் ஆச்சி வீட்டு அரங்குக்கு, அதாவது சாமான் வைக்கும் உள்ளறைக்கு, பழைய திண்டுக்கல் மாங்காய்ப்பூட்டு ஒன்று போட்டிருந்தோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு வகையில் ஒன்று அது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதன் சாவி தொலைந்துபோனது. அறுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது, வீட்டுக்கு வந்த சாவிக்காரர் வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்தார். ஒரு வெட்டாத சாவியை விளக்குச் சுடரில் காட்டிக் கரியேற்றி, பூட்டுக்குள் விட்டு மெதுவாகத் திருப்பி வெளியே எடுத்தார். உள்ளே இடித்த இடங்களில் மட்டும் கரி அழிந்து உலோகம் மின்னியது. அந்த இடத்தை அரத்தால் ராவி, மறுபடி கரியேற்றி, மறுபடி விட்டுத் திருப்பி, ஒன்றேகால் மணி நேரம் வெறும் விரல் உணர்ச்சியை நம்பி அவர் வேலை செய்தார். பூட்டு திறந்தபோது ஆச்சி கும்பிட்டே விட்டாள். அவர் வாங்கியது 350 ரூபாய்.

இதற்கு நேர் எதிரே என் காரின் கதையை வைக்கிறேன். பழைய வண்டியாக வாங்கியபோது ஒரே சாவிதான் கிடைத்தது. இரண்டாவது சாவிக்கு நிறுவனத்தின் சேவை மையத்தில் 11,000 ரூபாய் என்றார்கள், வருவதற்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். இந்தச் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் வழியாக வண்டியின் மின்னணுக் கருவி அதைப் படித்து, தனக்குப் பதிவான சில்லுதான் என்று உறுதியானால் மட்டுமே இயந்திரத்தை ஓட விடும். திருட்டைத் தடுக்க இது பயன்படுகிறது என்பதை முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலோகத்தை வெட்டுவது அதே வேலை, சில்லைப் பதிவது கணினியை இணைத்துச் செய்யும் சிறிது நேர வேலை. மீதிப் பணம், அந்தக் கணினியைத் திறக்கும் உரிமையை அவர்கள் தங்கள் கையில் பூட்டி வைத்திருப்பதற்கே போகிறது என்பது என் உறுதியான கருத்து. குளிரூட்டிய அறையில் அச்சடித்த தாளில் அந்தத் தொகையைப் பார்த்தபோது, "குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்க எனக்கும் நாவெழவில்லை. வெயிலில் உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் நமக்கு அந்தத் துணிவு வந்துவிடுகிறது.

பல இருசக்கர வாகனங்களை வாங்கும்போது சாவியோடு எண் பொறித்த ஒரு சிறு தகடு தருவார்கள். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், சாவி தொலைந்தாலும் அந்த எண்ணைக் கொண்டு புதிய சாவி வாங்க வழி இருக்கிறது. நகல் எடுக்கும்போது மூலச்சாவியையே கொண்டு போங்கள். நகலுக்கு நகல் எடுத்தால் ஒவ்வொரு முறையும் தேய்மானமும் பிசகும் கூடிக்கொண்டே போகும், பிறகு பழி அண்ணாச்சி மேல் விழும்.

கார் சாவியின் 11,000 ரூபாயில் உலோகத்துக்கு எவ்வளவு, சில்லுக்கு எவ்வளவு, கணினியில் பதிவதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரும்படி சேவை மையத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டு நாள் ஆகிறது, பதில் வரவில்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.