பொதி கிடக்கட்டும், ஒரு புசல் விதைநெல் இருக்கா?

சில வருசத்துக்கு முன் ஓர் ஐப்பசியில் கிளிநொச்சி மாவட்டத்துத் தருமபுரம் பக்கம் உலர் உணவுப் பொதி கொடுக்கப் போயிருந்தோம். அரிசி, மா, பருப்பு, சீனி, சோயாமீட். வழமைபோல வரிசை, வழமைபோல போட்டோ. ஒரு அம்மா பொதியை வாங்கிவிட்டு நகராமல் நின்றா. "தம்பி, இது ரெண்டு கிழமைக்குக் காணும். அரை ஏக்கர் உழுதுபோட்டுக் கிடக்கு. ஒரு புசல் விதைநெல் தந்தியளெண்டா மாசிக்குப் பிறகு இந்த வரிசையில என்னைக் காணமாட்டியள்."

ஒரு புசல் 20 கிலோவுக்குச் சற்றுக் கூட. நாங்கள் கொடுத்த பொதியும் கிட்டத்தட்ட அந்தப் பாரம்தான்.

பொதியைக் குறை சொல்லவில்லை. 2018 மார்கழி வெள்ளத்தில் அதுதான் எங்கள் வீட்டிலும் அடுப்பெரிய வைத்தது. ஆனால் வன்னியில் நெல் விளையாமலா பசி வருகிறது? மாசி பங்குனியில் வெட்டு மிசின் வயலை விட்டு ஏற முதலே வியாபாரியின் லொறி வரம்படியில் நிற்கும். காயவைக்கக் களமில்லை, விதைப்புக்கு வாங்கிய கடன் வேறு, ஈரநெல்லை அவன் சொன்ன விலைக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு அதே சனம் கார்த்திகை மழையில் கூலிவேலையும் இல்லாமல் கடை அரிசி வாங்குகிறது. 2021 இல் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தி, அடுத்த காலபோக (மாரிமழைப் போக) விளைச்சல் விழுந்தபோது கடை அரிசியை நம்பியிருந்த வீடுகள் பட்ட பாடு தெரியும்தானே.

அதனால் பசிக்கு உதவ உணவு வங்கி ஒன்று வைப்பதென்றால் அது மாசியில் நெல் வாங்கிக் காயவைத்து வைத்திருக்கும் இடமாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். ஐப்பசியில் ஒரு புசல் கடன், வெட்டினதும் ஒன்றேகால் புசலாகத் திருப்பி. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துச் சேர்த்துவைக்கும் பிடியரிசிப் பழக்கமுள்ள சனத்துக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

சின்னதாக நாங்களே தொடங்கிப் பார்த்தோம், முதல் வருசம் கோட்டைவிட்டோம். மூடைகளை வெறும் சீமெந்து நிலத்தில் அடுக்கியது பிழை, அரைகுறையாகக் காய்ந்த நெல்லை அவசரத்தில் கட்டியது அதைவிடப் பிழை. ஆவணியில் ஒரு சாக்கின் வாயைப் பிரித்தால் அந்துப்பூச்சி முகத்துக்கு நேரே கிளம்புகிறது, உள்ளே கைவிட்டால் நெல் சூடாகக் கிடக்கிறது. பழைய ஆக்கள் பல்லில் கடித்துப் பார்ப்பார்கள், "டக்" என்று உடைய வேணும், நசிந்தால் இன்னொரு வெயில். நாங்கள் கடிக்கவில்லை! இப்போது பலகை, வேப்பிலை, அந்தக் கடி, மூன்றும் உண்டு.

"கடன் திரும்பாது" என்றார்கள். யானை புகுந்த இரண்டு வீட்டைத் தவிர எல்லாம் திரும்பியது. அந்த இரண்டுக்கும் அடுத்த போகம் வரை தவணை கொடுத்திருக்கிறோம். அந்த அம்மா தன் ஒன்றேகாலைச் சைக்கிளில் கட்டி, தானே உருட்டிக்கொண்டு வந்தா.

இந்த மாசிக்கு நெல் காயப்போடப் பெரிய படங்கு (தார்ப்பாய்) இரண்டு தேவை. பழசென்றாலும் பரவாயில்லை, ஓட்டை மட்டும் இருக்கக்கூடாது. யாரிடமும் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள்.