காய்ச்சல்னு சொன்னா சம்பளம் கட்டா?

ஜவுளிக்கடைக்குப் போன் போட்டு உடம்பு முடியலைன்னு சொன்னா, "ஆள் இல்ல, வந்துட்டுப் போ"ங்கிறாங்க. வரலைன்னா சம்பளம் கட். 1947-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி வருஷத்துக்கு 12 நாள் நோய் விடுப்பு, சம்பளத்தோட. தற்செயல் விடுப்பு 12 நாள் தனி. ரெண்டையும் ஒண்ணாக்கிக் கணக்குக் காட்டுறது அநியாயம்!

மாசாமாசம் சம்பளத்துல 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ.ங்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறாங்களே, அதுல நோய்னு லீவு போட்டா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீதக் கூலி கிடைக்கும்னு யாராவது நம்மகிட்ட சொல்றாங்களா? முதல் 2 நாளுக்கு வராது. இ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழை முதல் நாளே வாங்கணும். இதைவிடக் கொடுமை, வேலை நாளைக் குறைச்சுக் காட்டுறது. 6 மாசப் பங்களிப்புக் காலத்துல 78 நாள் சேரலைன்னா அந்தப் பணமும் போச்சு. சம்பளச் சீட்டை மாசாமாசம் பாருங்க. லீவை வாட்ஸ்அப்ல எழுதியே கேளுங்க.