வளைவில் வரும் சத்தத்தை நேர் ரோட்டில் தேடுகிறார்கள்

காரின் முன்பக்கம் வந்த சத்தத்துக்காக சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தேன். வீல் அலைன்மென்ட், பேலன்சிங், முன்பக்க வீல் பேரிங் இரண்டும் புதுசு. பில்லை நீட்டி, "எல்லாம் சரியாயிடுச்சு மேடம், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். பணத்தைக் கட்டி, கேட்டைத் தாண்டி, முதல் யூ டர்ன் போட்டேன். டக் டக் டக் டக். அதே சத்தம், அதே வலது முன் சக்கரம்.

வண்டியைத் திருப்பி உள்ளே கொண்டுபோய் நிறுத்தினேன். சர்வீஸ் அட்வைசர் நாற்காலியிலிருந்து எழவில்லை. "டெஸ்ட் டிரைவ் பண்ணியாச்சு மேடம், சத்தமே வரலை" என்றார். எங்கே ஓட்டினீர்கள் தம்பி என்றால், பைபாஸில் போய்வந்தார்களாம். நேர் ரோட்டில்! காலையில் சாவியைக் கொடுக்கும்போதே அவரிடம் என்ன சொன்னேன்? ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்து மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் டக் டக் என்று வரும், நேராக்கினால் நின்றுவிடும், வளைவில் வேகம் கூடக்கூட டக் டக்கும் வேகமாகும். காய்ச்சல் எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று டாக்டரிடம் சொல்வதுபோல் சொன்னேன். ஜாப் கார்டில் அவர் எழுதியது 'முன்பக்கம் சத்தம்'. அவ்வளவுதான்.

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு வாருங்கள், நானே காட்டுகிறேன் என்றேன். "டெக்னீஷியன் லஞ்ச்ல இருக்காங்க மேடம்." சரி, நீங்கள் வாருங்கள். "நான் ஃப்ளோரை விட்டு வரக்கூடாது மேடம்." அப்புறம் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: "வீட்ல சார் யாரும் வரலையா?" சார் வந்தால் சத்தம் மாறிவிடுமா? பத்தடி தள்ளி நிற்கிறது வண்டி. அதில் ஏறிக் காதைக் கொடுக்க முடியாதவருக்கு, அதை ஓட்டுவது யார் என்ற விசாரணைக்கு மட்டும் நேரம் இருக்கிறது.

முன் சக்கரங்களுக்கு இன்ஜின் இழுவை போகும் எந்த வண்டியிலும் இந்த டக் டக் வந்தால் முதல் சந்தேகம் ஆக்சிலின், அதாவது இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின், சக்கரப் பக்கத்து வெளி ஜாயின்ட் மேல்தான் விழ வேண்டும். சி.வி. ஜாயின்ட் என்கிற அந்தக் கிண்ணத்துக்குள் பெரும்பாலும் ஆறு எஃகு குண்டுகள் பள்ளங்களில் ஓடுகின்றன. சக்கரம் திரும்பிய நிலையிலும் இழுவை சீராகப் போய்ச் சேருவது அவற்றால்தான். 1959இல் வந்த மினி காரிலேயே இருந்த ஏற்பாடு இது, நேற்று முளைத்த அதிசயம் இல்லை. பள்ளம் தேய்ந்துவிட்டால், ஒடித்து இழுக்கும்போது குண்டுகள் தட்டும். இடது திருப்பத்தில் தட்டினால் பெரும்பாலும் வலது ஜாயின்ட், வலது திருப்பத்தில் தட்டினால் இடது. நேராகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி உதறுகிறதா, அப்போது கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். வீல் பேரிங் போனால் ஊய்ங் என்று வேகத்தோடு ஏறும் ஒரே இரைச்சல். அது டக் டக் என்று சொல்லாது! வீல் அலைன்மென்ட்டுக்கும் இந்தச் சத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. காலி மைதானத்தில் முழுக்க ஒடித்து மெதுவாக ஒரு வட்டம், இரண்டு பக்கமும். இதற்கு எந்த மெஷினும் வேண்டாம்.

கடைசியில் தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன். ஜன்னலை இறக்கச் சொல்லி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒரு வட்டம் போனதும், "அக்கா, ஆக்சில் ஜாயின்ட் போச்சு" என்றார். ஜாக்கி போட்டுத் தூக்கிக் காட்டினார். ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் மடிப்போடு கிழிந்து, ரிம்மின் உள்பக்கமெல்லாம் கருப்பு கிரீஸ் தெறித்துக் கிடக்கிறது. உள்ளே மண்ணும் தண்ணீரும். வீல் பேரிங் மாற்ற இதே ஆக்சில் நட்டைத்தானே கழற்றினார்கள்? கிழிந்த பூட் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. பழைய சர்வீஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன், 'அடிப்பாகம் சோதனை' என்பதற்கு நேராக டிக் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு வயிறு எரிவது அந்த டிக்கைப் பார்த்துத்தான். பூட் கிழிந்த புதிதில், சத்தம் வருவதற்கு முன்பே ஒருவர் குனிந்து பார்த்திருந்தால், ஜாயின்ட்டைக் கழற்றிக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, புது பூட்டும் கிளாம்பும் போட்டு முடித்திருக்கலாம். சில நூறு ரூபாய் சாமானும் கொஞ்சம் கூலியும். டக் டக் கேட்க ஆரம்பித்த பிறகு பூட் மட்டும் மாற்றிப் பயனில்லை, தேய்ந்த பள்ளத்தை எந்த கிரீஸும் நிரப்பாது. இப்போது ஜாயின்ட்டே மாற்ற வேண்டும், செலவு ஆயிரக்கணக்கில். அதுவும் போனில் அட்வைசர் சொல்கிறார், இரண்டு பக்கமும் முழு ஆக்சில் அசெம்ப்ளியாகத்தான் போட வேண்டுமாம். இடது பக்கம் பூட் முழுசாக இருக்கிறது, சத்தமும் இல்லை. அதை எதற்கு மாற்ற வேண்டும்? காரணம் கேட்டால் "கம்பெனி ரெக்கமண்டேஷன் மேடம்."

வலது ஜாயின்ட்டைத் தெருமுனைக்காரரிடமே மாற்றப் போகிறேன். ஆக்சிலை உருவும்போது வழியும் கியர் ஆயிலைத் திரும்ப நிரப்புவது, ஆயில் சீலைப் பார்ப்பது, புது நட் போட்டு இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்குவது, எல்லாம் நான் கேட்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

ஆமாம், சர்வீஸ் சென்டரில் டிரைவர் சீட்டை முழுக்கச் சாய்த்துப் போட்டுப் படுத்தது யார்? ஏசி பதினெட்டில் நிற்கிறது, பெட்ரோல் முள் ஒரு கோடு இறங்கியிருக்கிறது. அந்த பெட்ரோலுக்கு யார் பில் போடுவது?