ஐ5 கேட்டாங்க, ஐ5 தந்திருக்கு

தரையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் ஒரு கம்ப்யூட்டர் கேபினெட்டைப் படுக்கப் போட்டிருக்கிறேன். பக்கத்து மூடியைக் கழற்றி மூன்று நாளாகிறது. மறுபடி மாட்ட மனசு வரவில்லை. போகும்போதும் வரும்போதும் உள்ளே இருப்பது கண்ணில் படுகிறது, வயிறு எரிகிறது.

இது என் அக்காவின் பணம். அக்கா கருங்கல் பக்கத்தில் ஓர் அண்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரிக்கொட்டை ஆலையை நாங்கள் அண்டி ஆபீஸ் என்போம். கொட்டையின் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போகும் வேலை. அந்தக் கையால் மாதம் 2,000 ரூபாய் என்று 24 மாதம் சீட்டுக் கட்டி, கடைசிச் சீட்டாக எடுத்த 48,000 ரூபாய். மகள் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறாள். கட்டட வரைபடம் போடும் ஆட்டோகேடும் ஸ்கெட்ச்அப்பும் கல்லூரி லேபில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது, வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் பிள்ளை பழகிக்கொள்வாள் என்று ஆசைப்பட்டாள். நான் அப்போது சென்னையில் இருந்தேன். தம்பிக்கு எதற்குத் தொந்தரவு என்று அவளே நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிப் போய் வாங்கிவிட்டாள்.

"கம்ப்யூட்டர் வாங்கியாச்சு மக்கா. ஐ5 கேட்டியா! ஊருக்கு வரும்ப ஒண்ணு வந்து பாத்துட்டுப் போ" என்று போனில் அவள் சொன்னபோது அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் காதில் நிற்கிறது. அதனால்தான் கோபம் தணிய மாட்டேன் என்கிறது.

கடையில் கொடுத்த சீட்டு என் கையில் இருக்கிறது. பில் இல்லை, ஒரு துண்டுச் சீட்டு. "ஐ5, 16 ஜிபி, 1 டிபி, 22 இன்ச் மானிட்டர், யூபிஎஸ். மொத்தம் 48,000." அவ்வளவுதான் எழுத்து.

போட்டுப் பார்த்தேன். டாஸ்க் மேனேஜரில், கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் முழுப் பெயர் வந்தது: ஐ5-3470. 2012இல் வந்த பிராசஸர். அக்கா மகள் அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்த வருடம் அது. அது உட்கார்ந்திருக்கும் மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகமும் வந்து சேரும் பலகையில், இருப்பது எச்61 சிப்செட், 2011இல் வந்தது. போர்டு மட்டும் புதிதாகப் பளபளக்கிறது, தயாரித்த கம்பெனியின் பெயரைத் தேடினால் எங்கேயும் அச்சாகவில்லை. ராம் பழைய தலைமுறை டிடிஆர்3, ஸ்டிக்கர் மங்கிப்போன இரண்டு குச்சி. 1 டிபி என்று எழுதியிருந்தது ஹார்டு டிஸ்க். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அந்த டிஸ்க்கே கணக்கு வைத்திருக்கும், அதை எடுத்துப் பார்த்தேன். 31,412 மணி நேரம். இரவும் பகலும் நிற்காமல் மூன்றரை வருடம் ஓடிய டிஸ்க்கைப் "புதுசு" என்று கொடுத்திருக்கிறார்கள்.

ஸ்கெட்ச்அப்பில் ஒரு சின்ன வீட்டு மாடலைத் திறந்து சுற்றிக் காட்டினாள் பிள்ளை. சுவர் ஒரு பக்கம், கூரை ஒரு பக்கம் என்று நின்று நின்று வந்தது. "எனக்குத்தான் ஓட்டத் தெரியல மாமா" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலை சூடாகிவிட்டது.

மறுநாள் காலையிலேயே சீட்டோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் குரலைக்கூட உயர்த்தவில்லை. சாயா குடித்துக்கொண்டே சொன்னார்: "சார், அவங்க ஐ5 கேட்டாங்க. ஐ5 தந்திருக்கு. இதுல நாங்க என்ன பொய் சொன்னோம்?"

எந்த ஐ5 என்று ஏன் எழுதவில்லை என்றேன்.

"அதெல்லாம் கஸ்டமருக்குப் புரியாது சார்."

புரியாதாம்! மீன்காரி வீட்டு வாசலில் கூடையை இறக்கினால், அயிலையின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் என் அக்கா பணத்தை எடுக்க மாட்டாள். நேற்றுப் பிடித்ததா, ஐஸில் கிடந்ததா என்று அரை நொடியில் சொல்வாள். அவளிடம் "அம்மா, இது 2012இல் வந்த சாமான்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் புரிந்திருக்காதா? நன்றாகப் புரிந்திருக்கும். புரிந்தால் வாங்க மாட்டாள் என்று தெரிந்துதான் சொல்லவில்லை.

ஐ5 என்பது இன்டெல் கம்பெனியின் பிராசஸர்களுக்கு 2009இலிருந்து இருக்கிற குடும்பப் பெயர். தாத்தாவுக்கும் அதே பெயர், பேரனுக்கும் அதே பெயர். வயது தெரிய வேண்டுமானால் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். 3470 என்றால் மூன்றாம் தலைமுறை. 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. இதில் இன்னொரு கொடுமை, அக்கா முதலில் ஐ3 போதுமா என்றுதான் கேட்டிருக்கிறாள். "ஐ3 வேண்டாம், ஸ்லோவா இருக்கும், படிக்கிற பிள்ளைக்கு ஐ5 தான் நல்லது" என்று சொல்லி மாற்றிவிட்டிருக்கிறார்கள். 2022இல் வந்த ஐ3-12100 இந்த ஐ5-3470ஐ எழுந்திருக்கவிடாமல் அடிக்கும். கோர் என்பது உள்ளே வேலை செய்யும் கை, திரெட் என்பது ஒரே நேரத்தில் எடுத்துச் செய்யும் வேலை. இதில் 4 கோர், 4 திரெட். அதில் 4 கோர், 8 திரெட், நடுவில் பத்து வருட வளர்ச்சி. ஐ3 மட்டம், ஐ5 உசத்தி என்ற நம் ஊர் நம்பிக்கையை வைத்தே நம் ஊர் ஆளை ஏமாற்றுகிறார்கள்.

விண்டோஸ் 11 போட்டுத் தந்திருக்கிறார்களாம். விண்டோஸ் 11க்கு இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கணக்கு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். இந்த மெஷினில் அது இல்லை. சோதனையை ஏமாற்றி உள்ளே ஏற்றியிருக்கிறார்கள். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு இலவச ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் ஊரெல்லாம் அலுவலகங்கள் கழித்துப் போடும் பழைய மெஷின்கள் எங்கே போகின்றன என்று கேட்டால், ஒரு பங்கு இப்படிப் புதுக் கேபினெட்டுக்குள் ஏறி அக்கா மாதிரி ஆட்களின் வீட்டுக்கு வருகிறது என்றுதான் சொல்வேன்.

பழைய சாமான் விற்பது தப்பே இல்லை. பழையது என்று சொல்லி, பழைய விலைக்கு விற்றால் நானே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போவேன்.

ராம் விலை ஏறிவிட்டது, அதனால்தான் இந்த விலை என்றும் சொன்னார். விலை ஏறியது உண்மை. 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் கம்பெனி க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்ததையே நிறுத்துகிறோம் என்று அந்த டிசம்பரில் அறிவித்தது. சரி, ஆனால் அது புது ராமின் கதை. இந்தக் கேபினெட்டுக்குள் இருப்பது யாரோ கழற்றிப் போட்ட டிடிஆர்3. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இப்போது எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டை மாற்றி எல்லாப் பாகத்துக்கும் பிரித்துத் தரும் பெட்டி. இதைச் சொல்லும்போதுதான் எனக்குக் கை நடுங்குகிறது.

துண்டுச் சீட்டில் எஸ்எம்பிஎஸ் என்ற சொல்லே கிடையாது. கேட்டால் "கேபினெட்டோட வரும் சார், ஃப்ரீ." கழற்றிக் கையில் எடுத்தேன். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தூக்கினால் மணிக்கட்டு சொல்லும், ஒன்றரை கிலோவாவது இருக்கும். இது காய்ந்த சிரட்டை மாதிரி கையில் நின்றது. மேலே 450 வாட் என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர். அதே ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் 12 வோல்ட் லைனுக்கு 14 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பெருக்கிப் பாருங்கள், 168 வாட். பிராசஸரும், திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட் லைனிலிருந்துதான். ஒரு ஐ5-12400 முழு வேகத்தில் ஓடினால் அது மட்டுமே 117 வாட் வரை போகும். மீதியில் கார்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் ஓட வேண்டும். பிள்ளைக்கு நாளைக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்று நினைத்தால்கூட இதை நம்பிப் போட முடியாது. ஃபேன் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். லைனில் வரும் கோளாறை வடிகட்டும் காயில் என்ற கம்பிச்சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரண்டு துண்டுக் கம்பியை வைத்து ஈயம் பற்றவைத்திருக்கிறார்கள். காயில் விலை மிச்சமாம்.

இதை எந்த ஊருக்குக் கொடுக்கிறார்கள் என்று யோசியுங்கள். எங்கள் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். சாயங்காலம் நாலு மணிக்கு மலைப்பக்கம் இடி முழங்கத் தொடங்கினால் வீடு வீடாக பிளக்கைப் பிடுங்குவார்கள். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் திரும்பி வந்த பிறகு என்னிடம் பழுது பார்க்க மூன்று சிஸ்டம் வந்தன. மூன்றிலும் இதே மாதிரி ஓசி எஸ்எம்பிஎஸ். மூன்றிலும் அது தான் மட்டும் சாகவில்லை, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் வேகம்தான் குறையும். இதில் மிச்சம் பிடித்தால் எல்லாமே போகும். எர்த் சரியில்லாத பழைய வீட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று கையில் ஏறுமே, அதற்கும் செருப்பு போட்டுக்கொண்டு தொடுங்கள் என்று வைத்தியம் சொல்லும் ஊர் இது.

கடைக்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. சாமான் செய்கிற கம்பெனிகளே பெயரில் விளையாடுகின்றன. தக்கலையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன், நானே பார்த்து வாங்குவேன் என்று ஆன்லைனில் ஐ5-12400எஃப் வாங்கினான். நல்ல பிராசஸர். ஆனால் அந்தக் கடைசி எஃப் என்ற ஓர் எழுத்துக்கு, உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். கார்டு வாங்கவில்லை. மானிட்டர் கறுப்பாகவே கிடந்தது. மானிட்டர் போய்விட்டதோ என்று பைக்கில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோக, செக் பண்ணியதற்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு "மானிட்டர் நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பி அனுப்பினார்கள். இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டி கம்பெனியில் இது தலைகீழ். ரைசன் 5600 என்றால் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி என்றால் உண்டு. ஒன்றில் எழுத்து சேர்ந்தால் போகிறது, இன்னொன்றில் எழுத்து சேர்ந்தால் வருகிறது. ஜிடி 1030 என்ற கிராபிக்ஸ் கார்டு 2017இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. மறுவருடம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்டு விட்டார்கள். மெமரி வேகம் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது, பெட்டியில் பெயர் மாறவில்லை. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைக்கு ஒரே சாக்கெட், ஆனால் போர்டைப் பொறுத்து டிடிஆர்4 அல்லது டிடிஆர்5. தெரியாமல் மாற்றி வாங்கினால் ராமில் இருக்கும் வெட்டு பொருந்தாது, உட்காரவே உட்காராது. எம்.2 என்று சொல்லி விற்கும் எஸ்எஸ்டி டிஸ்க்கிலும் இரண்டு வகை: சாட்டா உண்டு, என்விஎம்இ உண்டு. பார்க்க இரண்டும் ஒரே பட்டை. ஒன்று நொடிக்கு 550 எம்பி, மற்றது 3,000ஐத் தாண்டும்.

இவ்வளவு குழப்பம் இருக்கிற வியாபாரத்தில் "ஐ5, 16 ஜிபி, 1 டிபி" என்று மூன்று சொல்லில் எழுதினால் அது கொட்டேஷனா? ரேஷன் கடைச் சீட்டில்கூட இதைவிட விவரம் இருக்கும்.

பில் கேட்டால் ஒரு பயமுறுத்தல் வேறு. "பில் போட்டா 18 பெர்சென்ட் ஜிஎஸ்டி கூட வரும், வேணுமா?" ஏழைப்பட்ட ஆள் வேண்டாம் என்றுதான் சொல்வார். பில் இல்லை என்றால் சீரியல் நம்பர் இல்லை, வாரண்டி இல்லை, நான் இங்கேதான் வாங்கினேன் என்று சொல்ல ஒரு துண்டு ஆதாரம் இல்லை. சாமான் வந்த அட்டைப் பெட்டிகளையும் கொடுப்பதில்லை. அக்கா கேட்டாளாம், "அது குப்பைதான அக்கா, நாங்களே போட்டுருதோம்" என்றார்களாம். பெட்டி இருந்தால்தானே கொடுப்பார்கள்!

எல்லாரும் இப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மார்த்தாண்டத்தில் வயதான ஒருவர் சின்னக் கடை வைத்திருக்கிறார். போர்டின் மாடலிலிருந்து எஸ்எம்பிஎஸ் மாடல் வரை கையால் எழுதி, சீல் உடைக்காத பெட்டியை நம் முன்னால்தான் பிரிப்பார். விலை நூறு இருநூறு கூட இருக்கும். அங்கே கூட்டம் இல்லை. கூட்டமெல்லாம் "ஐ5 வெறும் இவ்வளவுதான்" என்று ஃபிளெக்ஸ் வைத்த கடைகளில் நிற்கிறது. விவரம் தெரிந்த பையன்கள் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய்விடுகிறார்கள். கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு 700 கிலோமீட்டர். அக்கா எங்கே போவாள்?

ஒரு வெள்ளைத்தாளில் ஏழு வரி எழுதியிருக்கிறேன். பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட், மானிட்டர். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டம்: முழு மாடல் பெயர், சீரியல் நம்பர், வாரண்டி எத்தனை வருடம். பிராசஸருக்கு எதிரே "கடைசி எழுத்து உட்பட" என்று சிவப்பு மையில். கீழே கடை முத்திரைக்கும் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன். வடசேரியில் ஐம்பது நகல் எடுத்தாயிற்று. அக்காவோடு வேலை பார்க்கிறவர்களில் இன்னும் இரண்டு பேர் பிள்ளைகளுக்காகச் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார்களாம், முதல் இரண்டு தாள் அவர்களுக்கு.

அக்கா நேற்று ராத்திரி வந்து கேபினெட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாந்தான் அவசரப்பட்டுட்டேனோ மக்கா?" என்றாள். இல்லை என்றேன். ஐ5-3470 என்ற எண்ணை விரலால் காட்டி, முதல் எண் எதைச் சொல்கிறது என்று விளக்கினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "அப்ப இது மூணாவது, இப்ப வந்துட்டு இருக்கது அதுக்கு எவ்வளவோ பெறவு உள்ளது, இல்லியா?" என்று அவளே சொன்னாள்.

சனிக்கிழமைக்கு லீவு சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் கூலி போகும், போகட்டும் என்றாள். காலையில் கடை திறக்கும்போது மூடி மாட்டாத இந்தப் பெட்டியோடும் அந்தத் தாளோடும் நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நிற்போம்.