அது பட்ட மரம் அன்று

எங்கள் தெருமுனையில் இலையில்லாமல் நின்ற புங்கமரத்தைப் பட்டுப்போய்விட்டது என்று சொல்லி அடியோடு வெட்டிவிட்டார்கள். என்னைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இது தெரியும். தை மாதக் கடைசியிலிருந்து அதன் படங்களை இங்கே போட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே, யார் ஆள் அனுப்பினார்கள், எத்தனை மணிக்கு ரம்பம் வந்தது என்ற கதையை மறுபடியும் சொல்லப் போவதில்லை. அதற்குப் பிறகு என்னிடம் சொல்லப்பட்ட ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன். "பட்ட மரம்தானே, அதற்கு எதற்கு இவ்வளவு வருத்தம்?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். எனக்கு நன்றாகப் பழக்கமானவர்கள், என் மீது பிரியம் உள்ளவர்கள். அதனால்தான் அந்தச் சொல் இத்தனை நாளாகத் தைத்துக்கொண்டே இருக்கிறது.

அது பட்ட மரம் அன்று. மாசியில் இலையுதிர்த்து நின்ற மரம்.

வெட்டிய அன்று மாலை, நடைபாதையில் குவிந்து கிடந்த கிளைகளில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். சாம்பல் நிறத் தோலுக்கு அடியில் ஈரப்பச்சை இருந்தது. பழைய இலைக்காம்பு விழுந்த வடுவுக்குச் சற்று மேலே, நெல்மணியை விடச் சிறிய மொட்டுகள் உப்பிப்போயிருந்தன. அவற்றில் இரண்டு வாய் திறந்து, உள்ளே மடிந்திருந்த தளிரின் செம்பழுப்பு நுனி வெளியே தெரிந்தது. ஒரு பத்து நாள், மிஞ்சிப்போனால் பதினைந்து நாள் பொறுத்திருந்தால் போதும். நம்பாதவர்கள் அடுத்த தெருவில் நிற்கும் புங்கமரத்தை இப்போது போய்ப் பார்க்கலாம். எண்ணெய் தடவினாற்போல் இலைகள் மினுங்குகின்றன. காலை வெயில் அவற்றின் வழியே இறங்கும்போது கீழே நிறுத்தியிருக்கும் வண்டிகள்கூட இளம்பச்சையாகத் தெரிகின்றன. மூன்று வாரத்துக்கு முன் அந்த மரமும் மொட்டைக் குச்சியாகத்தான் நின்றது. அதையும் யாராவது "பட்டுப்போச்சு" என்று சொல்லியிருந்தால் அதுவும் இன்று இருந்திருக்காது.

"நம் ஊரில் வசந்தம் ஏது? வருடம் முழுக்க வெயில்தானே" என்று பின்னூட்டத்தில் எழுதியிருந்தீர்கள், அதற்கு நூறு பேர் சிரித்திருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, அதில் ஒன்றுக்கு இளவேனில் என்று பெயர் வைத்த மொழியில்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். கணக்குப்படி அது சித்திரையும் வைகாசியும். ஆனால் எந்தப் பொழுதும் சித்திரை முதல் தேதி காலையில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதில்லை. பின்பனி என்று கணக்கில் எழுதப்பட்ட மாசியிலேயே இளவேனிலின் வேலை தொடங்கிவிடுகிறது. அந்த வேலையின் முதல் அடையாளம் பூ அன்று, உதிர்ந்த இலை. நாம் வெட்டியது அந்த அடையாளத்தைத்தான்.

குளிர்நாடுகளில் வசந்தம் எல்லோருக்கும் தெரியும்படி வருகிறது. லண்டனில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையே கிட்டத்தட்ட ஒன்பது மணி நேர வித்தியாசம் இருக்கிறது. பனி உருகுகிறது, மனிதர்கள் கனத்த மேல்சட்டையைக் கழற்றுகிறார்கள், யாரும் அதைத் தவறவிட முடியாது. சென்னையில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் மட்டுமே. தினம் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக நீளும் பகலை நாம் கவனிப்பதில்லை. ஆனால் நம் மரங்களில் பலவற்றுக்கு அது தெரிகிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வறண்ட மாதங்களில் இலை வழியாக நீர் வீணாகாதபடி மரம் இலைகளைக் கொட்டுகிறது. அடிமரத்தில் சேர்ந்திருக்கும் நீரையும் ஆழத்து வேர்கள் உறிஞ்சித் தரும் நீரையும் கொண்டு, மழைக்குக் காத்திராமல், வெயில் ஏறிக்கொண்டிருக்கும்போதே தளிர்க்கிறது. ஊரே வறண்டு கிடக்கும் பங்குனியில் அரசமரம் செப்புநிறத் தளிர்களோடு நடுங்குவதும், வேம்பு சிவந்த கொழுந்து விட்டுப் பூப்பதும் இப்படித்தான். மழையே பெய்யாத மாதத்தில் தன்னிடம் இருப்பதை வைத்துத் துளிர்க்கிற மரத்தைப் பார்த்துச் செத்துப்போய்விட்டது என்று சொன்னோம். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாய்க்கரை ஊர். மாசி பிறந்தால் கண்மாயில் தண்ணீர் சுருங்கி நடுவில் மட்டும் கலங்கலாகக் கிடக்கும். கொக்குகள் அந்தக் கலங்கலைச் சுற்றி வளைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்ததும் அப்பத்தா இலுப்பை மரத்தடியைக் கூட்டிச் சுத்தம் செய்யத் தொடங்கிவிடும். மரத்தில் அப்போது ஒன்றுமே இருக்காது. "இன்னும் ஒண்ணுமே பூக்கலையே அப்பத்தா" என்று நான் கேட்டால், "அது வர்றப்ப வரட்டும்டா, நம்ம தயாரா இருக்கணும்ல" என்று சொல்லும். பங்குனியில் ஒருநாள் விடிவதற்கு முன்பே என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகும். கூட்டி வைத்த மண்ணில் வெளிர்மஞ்சள் நிறத்தில், சதைப்பற்றோடு, சின்னச் சின்ன முத்துகளைப் போல இலுப்பைப் பூ கொட்டிக் கிடக்கும். இரவெல்லாம் வௌவால்கள் வந்துபோன மரத்தில் இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு மணம் நிற்கும். மண்ணைச் சுத்தம் செய்ததற்கும் பூ விழுந்ததற்கும் இடையே மூன்று, நான்கு வாரங்கள் கழிந்திருக்கும். அந்த வாரங்களில் ஒருநாள்கூட அப்பத்தா மரத்தைச் சந்தேகப்பட்டதில்லை. பட்டையைக் கீறிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்: "பச்சை இருந்தா உசுரு இருக்கு, கை வைக்காத."

கிராமத்தில் யாரும் இளவேனில் வருகிறது என்று அறிவித்துக்கொண்டிருந்ததில்லை. செய்கிற வேலையிலேயே அது தெரிந்தது. நகரத்தில் நம் வேலைக்கும் மரத்துக்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் வருவது நின்றுவிடவில்லை. மாசிக் கடைசியில் விடியலுக்கு முன் ஒற்றைக் குயில் தயங்கித் தயங்கிக் கூவத் தொடங்கும். இரண்டு வாரத்தில் விடாமல் கூவி நம்மை எழுப்பிவிடும். குளிர்காலம் முழுக்க மொட்டைமாடியில் வாலை ஆட்டிக்கொண்டு நடந்த வாலாட்டிக் குருவியை ஒருநாள் தேடுவோம், அது வடக்கே கிளம்பிப் போயிருக்கும். இரவு வண்டியில் திரும்பும்போது சிக்னலில் நிற்கிற அரை நிமிடத்தில், எங்கிருந்தோ வேப்பம்பூ வாசனை வந்து முகத்தில் மோதும். கல்யாண முருங்கை ஓர் இலைகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். இவை எல்லாம் சென்னையில், இந்தப் புகையிலும் இரைச்சலிலும்தான் நடக்கின்றன.

"வேலைக்குப் போய் வருகிறவனுக்கு இதையெல்லாம் பார்க்க நேரம் எங்கே இருக்கிறது?" என்று ஒரு நண்பர் கேட்டார். நானும் வேலைக்குப் போய் வருகிறவன்தான். சிக்னலில் நின்ற அரை நிமிடத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்கவில்லை. அந்தக் கேள்வியில் நான் சும்மா இருக்கிறவன் என்கிற பொருளும் தொனித்தது; அது வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"கிளை முறிந்து யார் மேலாவது விழுந்தால் நீ பொறுப்பேற்பாயா?" என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. காய்ந்த கிளை இருந்தால் அதைக் கழித்துவிடலாம். அதை நான் எதிர்க்கவே மாட்டேன். அடியோடு வெட்டியதற்கு அது காரணம் ஆகாது.

மரம் தெருவெல்லாம் இலைக் குப்பை போடுகிறது என்ற புகாரையும் நான் அலட்சியமாக ஒதுக்கவில்லை. இலை உதிர்கிற அந்த மூன்று வாரம் தெருவைக் கூட்டுகிற அக்காவுக்கு வேலை கூடுதல்தான். ஆனால் அவர் மரத்தைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. மதியம் அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார். குறை சொன்னவர்கள் மாடியிலிருந்து பார்த்தவர்கள். இப்போது அவர் எதிர்வீட்டுச் சுவரின் ஒரு முழ நிழலில் ஒட்டிக்கொண்டு சாப்பிடுகிறார். சித்திரையில் அந்த நிழலும் இருக்காது.

மரம் துளிர்ப்பதைக் கவனிப்பது வேலையற்ற வேலை என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் நார்ஃபோக் என்ற இடத்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736 முதல் ஆண்டுதோறும் முதல் தளிர், முதல் பூ, முதல் பறவைக் குரல் என்று தேதி போட்டு எழுதி வைத்தார். அவருக்குப் பின் அவருடைய குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மலர்ந்த நாட்களைப் பற்றிய குறிப்புகள் 812ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்கின்றன. அந்தக் குறிப்புகள் இருந்ததால்தான், 2021இல் மார்ச் 26 அன்று மலர்ச்சி உச்சத்தை எட்டியபோது, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் இவ்வளவு சீக்கிரம் மலர்ந்ததில்லை என்று சொல்ல முடிந்தது. பூமி சூடாகிவருவதை அளக்க அது ஒரு சான்றாகவும் ஆனது. நம் நாட்டிலும் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு வாரந்தோறும் இலையையும் பூவையும் காயையும் குறித்து வருகிறார்கள். அப்பத்தாவின் கணக்கு எங்கேயும் எழுதப்படவில்லை. எந்த ஆண்டு இலுப்பை எந்த நாளில் முதலில் உதிர்ந்தது என்பது அதனோடு போய்விட்டது. நான் கேட்டு எழுதி வைத்திருக்கலாம், எழுதவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்தப் புங்கமரத்தின் படங்களை நாள் தவறாமல் எடுக்கத் தொடங்கினேன். கடைசிப் படத்தில் மொட்டுகள் இருக்கின்றன. பெரிதாக்கிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வெட்டுவதற்கு முந்தைய நாளே அது இங்கே போடப்பட்டது; பலர் அதற்கு விருப்பமும் தெரிவித்திருந்தீர்கள்.

இத்தனையும் எழுதி ஆகப்போவது என்ன என்று கேட்பீர்கள். மரம் திரும்ப வராது என்பதும் முழு உண்மையன்று. புங்கு அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்க்கக்கூடியது. இன்று காலை குனிந்து பார்த்தேன். வெட்டுவாய்க்குக் கீழே இரண்டு இடங்களில் பட்டை லேசாகப் புடைத்திருக்கிறது. நகத்தால் கீறவில்லை, தேவைப்படவில்லை. வரும் சனிக்கிழமை அந்த அடிக்கட்டையையும் தோண்டி எடுத்துவிட்டுக் கல் பதிக்கப்போவதாகச் சொல்கிறார்கள். சனிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து நான் அந்த இடத்தில் இருப்பேன். முடிந்தவர்கள் வாருங்கள்.