ஒரே பாத்திரம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த விஷயம் இது. எங்க அம்மா படிச்சா வருத்தப்படுவாங்க, சபையில நாலு பேர் முகம் சுளிப்பாங்க, அதான் தயக்கம். ஆனா ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நாள்ல, தவக்காலத்துல எழுதாட்டி எப்பவும் எழுத மாட்டேன்னு தோணுச்சு.

எங்க வீட்டு அடுப்படி ஜன்னல் திண்டுல ஒரு எவர்சில்வர் டம்ளர் எப்பவும் கவுத்தி இருக்கும். வீட்டு வேலைக்கு வர்ற அக்காவோட டம்ளர். அடியில செவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி, மத்த டம்ளரோட கலந்துடக் கூடாதுன்னு. அந்தப் புள்ளியை வச்சது நான்தான். வைக்கும்போது மனசுல ஒரு உறுத்தலும் இல்ல, ஏன்னா எங்க அம்மா வீட்லயும் அப்படித்தான், ஆச்சி வீட்ல அதுக்கும் மேல, அங்க கொல்லைப்புறத்துல தனியா ஒரு செம்பு. யாரும் உக்கார வச்சு சொல்லிக் குடுக்கல, பாத்துப் பாத்து வந்ததுதான். அக்கா எங்க ஜாதி இல்ல. இதை ஒடைச்சு சொல்லாம இந்தப் பதிவை எழுத முடியாது.

ஒன்பது வருஷமா வர்றாங்க. காலையில ஆறரைக்கு வந்து பாத்திரம் தேய்ச்சு, வாசல் தெளிச்சு, ஏழு மணிக்கு காப்பி. நான் ஊத்துவேன், அவங்க பின்வாசப் படியில உக்காந்து குடிச்சிட்டு அவங்களே கழுவி அவங்களே ஜன்னல்ல கவுத்துவாங்க. நான் ஸ்கூல்ல சமூக அறிவியல் டீச்சர். அரசியலமைப்புச் சட்டம் 17வது பிரிவு தீண்டாமையை ஒழிக்குதுன்னு போர்டுல எழுதுவேன், டீக்கடை இரட்டைக் குவளை பத்தி பிள்ளைங்ககிட்ட கோவமாவே பேசுவேன், அந்தக் கோவம் பொய் இல்ல, நெஜமாவே கோவம் வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே ஜன்னலைத் தாண்டித்தான் தண்ணி குடிக்கப் போவேன். ஒருநாள் கூட கண்ணுல படல.

கண்ணுல பட்டது, ஆலயத்துல அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துக்கிற ஒரு திருவிருந்து ஞாயிறு. அக்காவும் எங்க சபைதான், பின்னால உக்காருவாங்க. அன்னைக்கு நான் லேட்டா போனதால ஆல்டர் முன்னால முழங்கால் போடுறப்போ எனக்கு எடதுபக்கம் அவங்க. எங்க சபையில கொரோனா நேரத்துல கொஞ்ச நாள் அப்பத்தைத் தோய்ச்சுக் குடுத்தாங்க, அப்புறம் மறுபடியும் பழையபடி ஒரே பாத்திரம். ஐயர் (எங்க சபையில போதகரை அப்படித்தான் சொல்லுவோம்) அக்காகிட்ட பாத்திரத்தைக் குடுத்தாங்க, அவங்க ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சாங்க, ஐயர் வெள்ளைத் துணியால விளிம்பைத் துடைச்சு லேசா திருப்பி என்கிட்ட குடுத்தாங்க, நான் குடிச்சேன். வெளிய வரும்போது அக்கா சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், அவ்வளவுதான். மறுநாள் திங்கக்கிழமை காலையில நான் காப்பி ஊத்த அந்த டம்ளரை நிமித்துறேன், புள்ளி கண்ணுக்கு முன்னால நிக்குது. நேத்து கர்த்தருடைய ரத்தம்னு சொல்லி அவங்க வாய் வச்ச பாத்திரத்துல வாய் வச்சவ, இன்னைக்கு காப்பிக்கு புள்ளி வச்சிருக்கேன்.

திருவிருந்துக்குப் போகுறதுக்கு முன்னால ஒரு ஜெபம் சொல்லுவோம்ல, உம்முடைய மேசைக்குக் கீழ விழுற துணிக்கையைப் பொறுக்கக்கூட நாங்க பாத்திரர் இல்ல, அதாவது தகுதி இல்லைங்கிற கருத்துல. சின்ன வயசுலருந்து எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன். நான் பாத்திரம் இல்லைன்னு ஆண்டவர்கிட்ட சொல்றது ரொம்ப சுலபம், ஏன்னா அவர் பெரியவர், அவர் முன்னால குனியுறதுல நமக்கு ஒரு நஷ்டமும் கெடையாது, பாக்குறவங்க பக்தியான பொம்பளைன்னு சொல்லுவாங்க. என் வீட்டுப் படியில உக்காந்து காப்பி குடிக்கிற அக்காவுக்கு முன்னால அதே மனசு எனக்கு இருக்கான்னு கேட்டா இல்ல. அப்ப நான் தாழ்மைன்னு இவ்வளவு நாள் நெனச்சுக்கிட்டு இருந்தது என்ன? குரலைத் தணிச்சு பேசுறது, சாட்சி சொல்லும்போது "நான் ஒண்ணுமே இல்ல, எல்லாம் கர்த்தர் செஞ்சது"ன்னு முடிக்கிறது, இதுதான். வேதத்துல அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதினது "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்"னு. ஓய்வுநாள் பள்ளியில இந்த வசனத்தை ஒப்பிச்சு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினவ நான். கர்த்தரை மேன்மையா எண்ணுங்கன்னு அவர் அங்க சொல்லல, ஒருவரையொருவர்னு சொல்றார்.

இது எங்க வீட்டு சமாச்சாரம் மட்டும் இல்ல, நம்ம சபைகளோட பழைய காயம். 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள ஜாதி வித்தியாசத்தை உடனே முழுசா விட்டுடணும், திருவிருந்துக்கு எல்லாரும் வித்தியாசம் பாக்காம வரணும்னு கடிதம் அனுப்பினார். தஞ்சாவூர்லயும் மெட்ராஸ்லயும் எத்தனையோ பேர் அதை ஏத்துக்காம ஆலயத்துக்கு வர்றதையே நிறுத்தினாங்க. வேற எதை வேணா விடுறோம், ஆனா ஒரே பந்தி மட்டும் முடியாதுன்னு நின்னவங்க நம்ம முன்னோர்கள். அதுக்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னாலயே கொரிந்து சபையில இதே பிரச்சனைதான், கர்த்தருடைய பந்தின்னு கூடிட்டு வசதியானவன் முந்திச் சாப்பிடுறான், "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்"னு, அதாவது குடிச்சு வெறிச்சிருக்கான்னு, பவுல் கடிஞ்சு எழுதுறார். பந்தியிலதான் நம்ம மனசு வெளிய வருது போல.

அசரியா ஐயரைப் பத்தி நெனச்சாலும் எனக்கு மனசு கனக்குது. நம்ம வெள்ளாளன்விளையில 1874-ல பிறந்தவர், 1912-ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்திய பிஷப்பா தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு அபிஷேகம் ஆனவர். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னால 1910-ல எடின்பரோவுல நடந்த உலக மிஷனரி மாநாட்டுல எழும்பி நின்னு, வெள்ளைக்கார மிஷனரிகளைப் பாத்து, ஏழைகளுக்கு உங்க பொருளைக் குடுத்தீங்க, உங்க சரீரத்தையும் குடுத்தீங்க, நாங்க அன்பையும் கேக்குறோம், எங்களுக்கு நண்பர்களைக் குடுங்கன்னு பேசினார். அந்தப் பேச்சு அன்னைக்கு நெறைய பேருக்குப் பிடிக்கல. அதை நம்ம ஊர்ல பெருமையா சொல்லுவோம், நானும் சொல்லியிருக்கேன். ஆனா அந்த வார்த்தையை இப்ப யார் யாரைப் பாத்து சொல்லணும்? பழைய சேலை குடுத்தீங்க, கிறிஸ்மஸுக்கு கேக்கு குடுத்தீங்க, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினீங்க, எங்களை சிநேகிதரா நெனச்சீங்களான்னு அக்கா என்னைக் கேட்டா என்ன பதில் இருக்கு எனக்கு?

சுத்தம் பாக்குறது தப்பான்னு சிலர் கேப்பாங்க. தப்பு இல்ல. ஆனா முன்னப்பின்ன தெரியாத கெஸ்ட் வந்தா அவங்களுக்கு என்ன வியாதின்னு கேட்டுட்டா டம்ளர் குடுக்கோம்? நம்ம வீட்ல அத்தனை டம்ளரையும் தேய்ச்சு சுத்தம் பண்றதே அவங்க கைதானே. இப்ப புதுசா ஒண்ணு, ஃப்ளாட்ல இருக்கிற என் சிநேகிதிங்க வீடுகள்ல பாக்குறேன், பிளம்பருக்கும் கேஸ் சிலிண்டர் கொண்டு வர்ற தம்பிக்கும் பேப்பர் கப். குடிச்சிட்டு அவங்களே குப்பையில போட்டுட்டுப் போயிடுவாங்க, கழுவுற வேலை கூட இல்ல. அந்த வீடுகள்லயும் வாசல்ல வசனம் தொங்குது. அவங்களைக் குத்தம் சொல்ல இதை எழுதல, அந்த வீட்ல காப்பி குடிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம எழுந்து வந்தவதான் நானும்.

சரி, கண்ணுல பட்ட உடனே நான் திருந்திட்டேனான்னா இல்ல. ரெண்டு மூணு மாசம் அப்படியே ஓடுச்சு. ஒருநாள் ஜெபத்துல ரொம்ப உணர்த்தப்பட்டு, நாங்க குடிக்கிற டம்ளர்லயே காப்பி ஊத்திக் கொண்டு போய்க் குடுத்தேன். அக்கா அதைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "இருக்கட்டும் டீச்சர், எனக்கு அதுலயே குடுங்க, அதுதான் கொஞ்சம் கனமா சூடு தாங்கும்"னு சொல்லி ஜன்னல்ல இருந்த டம்ளரை எடுத்து அவங்களே மாத்தி ஊத்திக்கிட்டாங்க.

எனக்கு சுள்ளுன்னு கோவம் வந்துச்சு. இவ்வளவு இறங்கி வந்திருக்கேன், மதிக்க மாட்டேங்காங்களேன்னு. அந்த "இறங்கி வந்திருக்கேன்" மனசுல ஓடுனதும் அப்படியே உக்காந்துட்டேன். எதுலருந்து இறங்கினேன்? யார் என்னை மேல வச்சது? அவங்க சந்தோஷத்துல கண் கலங்கணும், அதை நான் பாக்கணும், அடுத்த வாரம் பெண்கள் ஐக்கிய சங்கத்துல சாட்சியா சொல்லணும், இதெல்லாம் எனக்குள்ள இருந்திருக்கு. ஒன்பது வருஷமா புள்ளி வச்ச டம்ளர்ல குடிச்சவங்க ஒரே நாள்ல என் இஷ்டத்துக்கு மாறிக்கிடணும்னு எதிர்பாக்க எனக்கு என்ன உரிமை. அவங்க மரியாதையை அவங்க காப்பாத்திக்கிட்டாங்க, அதுவும் என்னை நோகடிக்காம, சூடு தாங்கும்னு ஒரு நல்ல வார்த்தை சொல்லி.

அப்புறம் அவங்க அம்மா இறந்துட்டாங்க. அடக்கத்துக்குப் போக முடியல, ரெண்டு நாள் கழிச்சு நானும் எங்க வீட்டுக்காரங்களும் போனோம். ஒன்பது வருஷத்துல அவங்க வீட்டுக்குள்ள நான் போனது அதுதான் மொதத் தடவை, அதைச் சொல்லவே வெக்கமா இருக்கு. சின்ன வீடு, சுத்தமா இருந்துச்சு. உக்காந்து பேசிக்கிட்டு இருக்கும்போதே அக்கா பேரன் கையில ரூவாயைக் குடுத்து பவண்டோ வாங்கிட்டு வரச் சொல்லி காதுல சொன்னாங்க, எனக்குக் கேட்டுச்சு. ஏன்னு புரிஞ்சுச்சு. மூடி ஒடைக்காத பாட்டில்னா டீச்சர் குடிப்பாங்க, நம்ம வீட்ல போட்ட டீ குடிக்க மாட்டாங்க. துக்க வீட்ல, பெத்த தாயைப் புதைச்ச ரெண்டாம் நாள், என் மனசு சங்கடப்படக் கூடாதுன்னு அவங்க யோசிக்கிறாங்க.

"அக்கா, கலர் வேண்டாம், டீ போடுங்களேன், தலை வலிக்கு"ன்னு சொன்னேன். ஒரு நிமிஷம் நின்னாங்க. அப்புறம் உள்ள போய், கட்டிலுக்கு அடியில இருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்துப் பிரிச்சு, பூப் போட்ட கண்ணாடி கிளாஸ் ரெண்டை எடுத்துக் கழுவுனாங்க. கல்யாணத்துக்கோ எதுக்கோ வந்த செட்டு, ஒரு தடவை கூட வெளிய எடுக்கல போல, அடியில விலை ஸ்டிக்கர் பிரிக்காம அப்படியே இருந்துச்சு. வீட்ல இருந்த மத்தவங்களுக்கெல்லாம் எவர்சில்வர், எங்க ரெண்டு பேருக்கு மட்டும் அது. டீ நல்லா இஞ்சி தட்டிப் போட்டு கடுசா இருந்துச்சு.

கிளாஸைத் தூக்கும்போது அடியில அந்த ஸ்டிக்கர் விரல்ல பட்டுச்சு. என் வீட்லயும் தனி டம்ளர், அவங்க வீட்லயும் தனி டம்ளர். நான் வச்சது ஒதுக்க, அவங்க வச்சது உபசரிக்க. தொண்டைக்குள்ள டீ இறங்கல எனக்கு. இயேசு சீஷர்களோட காலைக் கழுவ வந்தப்போ பேதுரு ஏன் "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது"ன்னு சொன்னார்னு அன்னைக்குக் கொஞ்சம் விளங்குச்சு. குடுக்குற எடத்துல இருந்தே பழகினவங்களுக்கு வாங்குற எடத்துல உக்கார்றது அவ்வளவு கஷ்டம். அதை நெனச்சு பெரிய வியாழன் ஆராதனையில சபையார் காலைக் கழுவுற ஐயரைத்தான் நாம தாழ்மைக்கு உதாரணமா பாக்குறோம். அங்க சேர்ல உக்காந்து காலை நீட்டிட்டு எங்க பாக்குறதுன்னு தெரியாம கூனிக் குறுகி இருக்காங்களே, அதுவும் தாழ்மைதான்னு எனக்குத் தோணுது.

வீட்டுக்கு வந்து அந்த வாரமே எல்லா டம்ளரையும், பரிசா வந்தது, பேர் வெட்டினது, அந்தப் புள்ளி வச்சது, எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டு ஒரே மாதிரி பன்னெண்டு டம்ளர் வாங்கினேன். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. அக்காகிட்டயும் சொல்லல, மன்னிப்புக் கேக்கணும்னு இருந்துச்சு, ஆனா அதையும் ஒரு சீனா ஆக்கிடுவேனோன்னு பயம். பாத்திரம் தேய்க்கும்போது பழசு எதுவும் இல்லைங்கிறதை அவங்களே பாத்தாங்க. கொஞ்ச நாள் ஒரு டம்ளரை மட்டும் ஜன்னல்ல தனியா கவுத்தி வச்சாங்க, நான் அதை எடுத்து அதுல தண்ணி குடிச்சிட்டு ஸ்டாண்டுல போடுவேன். ஒரு மாசம் இப்படி ரெண்டு பேரும் பேசாமலே. இப்ப ஜன்னல்ல ஒண்ணும் இல்ல. சேர்ல மட்டும் இன்னும் உக்கார மாட்டேங்காங்க, "படிதான் காத்து வருது டீச்சர்"ங்காங்க, சில நாள் நானும் என் காப்பியை எடுத்துட்டுப் போய் படியில உக்காருறேன், நெஜமாவே அங்க காத்து வருது. மன்னிப்பும் ஒருநாள் அந்தப் படியிலதான் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க டீச்சர்"னு சொல்லிட்டு வாசப்பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. மன்னிச்சாங்களான்னு எனக்குத் தெரியாது. அதை அவங்க சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்ல.

அம்மாகிட்ட மட்டும் சொல்லாமலே இருந்தேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு, தெனமும் காலையில நாலரைக்கு எழுந்து எங்க எல்லாருக்காகவும் ஜெபிக்கிறவங்க, அந்த ஜெப லிஸ்ட்ல அக்கா பேரும் அவங்க பேரன் பேரும் கூட இருக்கு. அதே அம்மாதான் தனி டம்ளரும் வச்சாங்க. ரெண்டும் ஒரே மனசுக்குள்ள எப்படி இருந்துச்சுன்னு எனக்கு அவங்களைக் கேக்கத் தெரியல, எனக்குள்ளயும் அப்படித்தானே இருந்துச்சு. கிறிஸ்மஸுக்கு வந்திருந்தப்போ ஜன்னலைப் பாத்தாங்க, ஒண்ணும் கேக்கல.

போன வாரம் போன்ல பேசிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு கேட்டாங்க, "அவ இப்ப எதுலட்டி காப்பி குடிக்கா?"

"நாம குடிக்கிறதுலதாம்மா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன். அப்புறம் அம்மா சொன்னாங்க, "சீனி கூடப் போட்டுறாத, அவளுக்கு சுகர் இருக்குல்லா."