தூதரக விலக்குரிமை ஆயுளுக்கும் வராது
"தூதராக இருந்தவர், அந்த விலக்குரிமை சாகும்வரை உண்டு. அதனால்தான் இப்போது தகவல்தொடர்பு ஆலோசகராகி, துணிச்சலாகப் புத்தகமும் எழுதுகிறார்" என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். அது அப்படியில்லை. தூதரக விலக்குரிமை என்பது, தூதர் பணிபுரியும் வெளிநாட்டில் அவரைக் கைது செய்யவோ, பொதுவாக வழக்குத் தொடரவோ முடியாது என்ற பாதுகாப்பு.

தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 39ஆம் பிரிவைப் பாருங்கள். பணி முடிந்து அந்த நாட்டைவிட்டுக் கிளம்பியதும் விலக்குரிமை பொதுவாக முடிந்துவிடும். பணியின் பகுதியாகச் செய்த காரியங்களுக்கு மட்டும் அது தொடரும். ஓய்வுக்குப் பிறகு எழுதும் புத்தகம் எந்தக் கணக்கிலும் அதில் வராது. இன்னொன்று, அந்த விலக்குரிமை வெளிநாட்டில்தான். சொந்த நாட்டுச் சட்டத்திலிருந்து அவருக்கு எப்போதுமே விலக்கு கிடையாது (பிரிவு 31). அரசு ரகசியங்களைக் காக்கும் கடமையும் பல நாடுகளில் ஓய்வோடு முடிவதில்லை.

பதவியில் இருந்தபோதே ஆலோசனைக் கட்டணம் வாங்கியிருப்பார் என்ற ஊகம் வேறு! பணிபுரியும் நாட்டில் சொந்த லாபத்துக்குத் தொழில் செய்வதை 42ஆம் பிரிவு தடுக்கிறது.

அப்புறம், எழுத்து அவருக்குத் திடீரென்று வந்ததல்ல. இரண்டு மணி நேரப் பேச்சுவார்த்தையை, அமைச்சர் காரில் போகும்போதே படித்து முடிக்கிற மாதிரி ஒரே பக்கத்தில் தலைநகருக்கு அனுப்புவதுதான் அந்த வேலையில் பாதி.